ரோச்சோர் கால்வாயில் ஓர் உள்ளான்

சிங்கப்பூரில் இலையுதிர்காலம் கிடையாது. இருப்பது வெயில், மழை, ஏர்கான். ஆனாலும் வடக்கே கோடை தீர்ந்துவிட்டது என்பதை ஜாலான் புசாரில் ரோச்சோர் கால்வாயைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் கரையின் கல்விளிம்பில் சின்னதாக ஓர் உள்ளான் வந்து நிற்கும். நிற்கும் என்றுகூடச் சொல்ல முடியாது, பின்பாகம் ஓயாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. அந்த வெள்ளை தோளருகே ஒரு கீற்றாக மேலேறும். அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். ஏப்ரல் வாக்கில் வடக்கே கிளம்பிவிடும்.

காட்டு வாத்து பார்க்க ஆசைப்படுகிறவர்களை நான் இங்கே கூட்டி வருவதில்லை. சின்னக் கொக்கு, அந்தி சாய்ந்ததும் வக்கா, சம்பளம் வராத ஆள் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கும் சாம்பல் நாரை, இவ்வளவுதான். பத்து நிமிட நடையில் சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்கு மயில்களைப் படமெடுக்கக் கூட்டம் அலைமோதும். சிராங்கூன் என்ற பெயரே 'ராங்கோங்' என்ற சதுப்புநிலப் பறவையிலிருந்து வந்தது என்பார்கள். அதை யார் தேடுகிறார்கள்!

ஆறு சுத்தமானதால் பறவைகள் வந்தன என்று பெருமையாகச் சொல்வதுண்டு. பாதிதான் சரி. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தம் செய்யப் பத்து வருடக் கெடு வைத்தார். பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, படகுப் பட்டறை, தெருக்கடை எல்லாம் இடம் பெயர்ந்தன. 1987இல் வேலை முடிந்தது. நாற்றம் போனது நல்லதுதான். ஆனால் 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் இங்கே கடல் ஏறுவதும் இல்லை, வற்றுவதும் இல்லை. கரைப்பறவைகளுக்கு வற்றும் நேரத்துச் சேறுதான் பந்தி. நீள அலகுக்காரர்கள் சுங்கை பூலோ பக்கம் போக வேண்டியதுதான். உள்ளான் மட்டும் கல்விளிம்பில் கிடைப்பதைப் பொறுக்கிச் சமாளிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கரையில் ஒரு தம்பியைப் பார்ப்பேன். கட்டுமான வேலை, சிவகங்கைப் பக்கத்துக்காரர். முதல் நாளே, "இது எங்க கம்மாய்க்கும் வரும்ணே" என்றார். கொள்ளுகுடிப்பட்டிக்குப் பக்கத்து ஊராம். அங்கேதான் வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. அதை அறிவித்ததும் 1977இல்தான். பறவைகள் மிரளக் கூடாதென்று அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை இனிப்பு கொடுக்கும்.

"சின்னப்புள்ளைல வெடி கேட்டு அழுவேன். ஆத்தா அடிக்க வரும். இங்க வந்தா, இங்கயும் வெடி இல்ல!" என்று சிரித்தார். இங்கே 1972இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அங்கே சட்டமில்லை, ஊர்ப்பேச்சுதான்.

வெளிநாட்டுத் தொழிலாளியை வலசைப் பறவை என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. கேட்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். போகும் நாளைப் பறவையின் உடம்பே முடிவுசெய்கிறது. தம்பியின் நாளை முடிவுசெய்வது ஏஜென்ட் கடனும் பர்மிட் தேதியும். மூன்று தீபாவளியாக ஊருக்குப் போகவில்லை. இதைச் சொன்னபோது, "அதுக்கு ஏஜென்ட் இல்லேல்லண்ணே" என்றார், கண்ணை உள்ளானிடமிருந்து எடுக்காமலே.

போன ஞாயிறு வீடியோ காலில் போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி, "ஆத்தா, இங்க பாரு, நம்ம ஊரு குருவி" என்று காட்டினார்.

"கம்மாய்ல இன்னும் தண்ணி வரல, நாரையவும் காணோம். அது கெடக்கட்டும், நீ எப்ப வர்ற?"

உள்ளான் கீச்சிட்டபடி தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து எதிர்க்கரையில் உட்கார்ந்தது.

"பங்குனிக்குப் பாப்பம் ஆத்தா" என்றார். போன வருஷமும் அதைத்தான் சொன்னார்.