முதல்ல ஒரு முக்காலி போடுங்க!

பிரெண்ட்ஸ், ‘வீட்டுத் தோட்டம்’னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? பச்சைப்பசேல்னு புல்வெளி, நடுவுல ஊஞ்சல், ஓரமா ஒரு குட்டி நீரூற்று... அப்படித்தானே? அப்புறம் உங்க வாடகை வீட்டுப் பால்கனியைத் திரும்பிப் பார்ப்பீங்க. துருப்பிடிச்ச சைக்கிள், காயப்போட்ட துணி, உடைஞ்ச வாளி. ‘நமக்கெல்லாம் எதுக்குப்பா இது’ன்னு கதவைச் சாத்திடுவீங்க. கொஞ்சம் நில்லுங்க பாஸ்! தோட்டத்துக்கு டிசைன் போடுறது காசு சமாச்சாரம் இல்லை, கவனிக்கிற சமாச்சாரம்.

ஊர்ல தாத்தா வீடு இருந்தா, அதோட கொல்லையை ஒருதடவை உத்துப் பாருங்க. குளிக்கிற தண்ணி ஓடுற இடத்துல வாழை நிக்கும். சமையல்கட்டு வாசல்ல கறிவேப்பிலை. தாளிக்கும்போது நாலு எட்டு வச்சா பறிச்சுட்டு வந்துடலாம். முருங்கை மட்டும் கடைசியில தள்ளி நிக்கும். கிளை சட்டுனு முறியும், மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி மொய்க்கும்னு தெரிஞ்சு வச்ச இடம் அது. எந்த ஆர்க்கிடெக்ட்டும் வரைஞ்சு கொடுக்கலை. அந்த வீட்டு ஆளுங்க தினமும் நடந்த நடைதான் அந்தத் தோட்டத்தோட பிளான்!

நீடாமங்கலம் பக்கத்துல அப்படி ஒரு கொல்லையில இருபது வருஷம் புழங்கினவங்க எங்க அம்மா. அப்பா வேலைக்காக சென்னைக்கு வந்தோம். வாடகை வீடு, ரெண்டாவது மாடி. ஊர்ல வேலை முடிஞ்சா கொல்லைப் பக்கம் போயிடுவாங்க. இங்கே எங்கே போறது? டி.வி. முன்னாடி உட்காருவாங்க, ஆனா பார்க்க மாட்டாங்க. பேச்சும் குறைஞ்சு போச்சு. வீட்ல எல்லாருக்குமே அது உறுத்துச்சு. ‘பால்கனியில தோட்டம் போடலாம்மா, என்ன செடி வேணும்?’னு கேட்டேன்.

“செடி கெடக்கட்டும்டா. அங்க நான் உக்கார எடம் இருக்குமா?”

அவ்வளவுதாங்க, மொத்த டிசைனும் அந்தக் கேள்வியிலேயே இருந்துச்சு! எட்டு அடி நீளம், நாலு அடி அகலம். முதல்ல ஒரு முக்காலி போட்டோம். கால் நீட்ட இடம் விட்டோம். மீதி இடத்துலதான் தொட்டி. அடிக்கடி கிள்ளுற புதினாவும் கொத்தமல்லியும் கைக்கு எட்டுற தூரத்துல. எப்பவாவது தொடுற கற்றாழை மூலையில. கம்பியில சங்குப்பூக் கொடி.

ஹவுஸ் ஓனர் மாமி ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க: கீழ்வீட்டுச் சுவர்ல ஈரம் தெரிஞ்சா, மறுநாளே எல்லாத்தையும் எடுத்துடணும். அதனால ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் ஒரு தட்டு. அதுல தேங்குற தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒருதரம் கொட்டிடணும். இல்லேன்னா டெங்கு கொசு குடும்பம் நடத்த ஆரம்பிச்சுடும். வெறும் மண்ணை நிரப்பி நனைச்சா தொட்டி கல்லா கனக்கும். அதனால செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூணையும் சம அளவு கலந்தோம். கனம் குறையும், ஈரமும் நிக்கும். பெரிய தொட்டிகளை மட்டும் சுவரை ஒட்டி வச்சோம்.

வெயிலையும் கொஞ்சம் படிக்கணும். சூரியன் வருஷம் பூரா ஒரே ரூட்ல போறதில்லை. சென்னையில ஏப்ரல் கடைசி வாரம் உச்சிவேளையில தலைக்கு நேரா வரும். அதுக்கப்புறம் ஆகஸ்ட் பாதி வரைக்கும் வடக்கே சாய்ஞ்சு போகும். மத்த மாசமெல்லாம் தெற்கே. அதனால வடக்குப் பால்கனிக்கு மே, ஜூன்ல வெயில் உள்ளே வரும். தெற்குப் பால்கனிக்கு மார்கழி, தையில வரும். தக்காளி, கத்தரி, வெண்டைக்கெல்லாம் தினம் ஆறு மணி நேரமாவது வெயில் வேணும். எங்களுக்குக் கிடைச்சது காலையில மூணு மணி நேரம்தான். அதுக்கு ஏத்த மாதிரி கீரை, புதினா, கற்பூரவல்லியோட நிறுத்திக்கிட்டோம்.

ஓனர் மாமி ரெண்டு தடவை வந்து சுவரைத் தடவிப் பார்த்தாங்க. மூணாவது தடவை வந்தப்போ கற்பூரவல்லிக் கிளை கேட்டாங்க! இப்போ சாயங்காலமானா புதினா கேட்டு யாராவது வர்றாங்க. முக்காலியில உட்கார்ந்தபடி அம்மா பேசிக்கிட்டு இருக்காங்க.

சண்டிகர் ராக் கார்டன் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதை உருவாக்கின நேக் சந்த், 1947 பிரிவினையில சொந்த ஊரை விட்டு வந்தவர். சண்டிகர்ல பொதுப்பணித் துறையில சாலை ஆய்வாளர் வேலை. புது நகரம் கட்ட இடிச்சுப் போட்ட பழைய கிராமங்களோட மிச்சம் மீதி, உடைஞ்ச வளையல், பீங்கான் துண்டு இதையெல்லாம் சேர்த்து, காட்டுப் பகுதியில யாருக்கும் தெரியாம, 1957-லேர்ந்து ஒரு தோட்டம் கட்டினார். 1975-ல்தான் அதிகாரிகள் கண்ணுல பட்டுச்சு. இடிக்காம விட்டு, 1976-ல் மக்களுக்குத் திறந்தாங்க. ஊரை இழந்த ஒரு மனுஷன், கையில கிடைச்சதை வச்சுத் தனக்குன்னு ஒரு இடம் பண்ணிக்கிட்டார்.

நாமெல்லாம் அவ்வளவு பெருசா யோசிக்க வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு சாக்பீஸை எடுங்க. காலை, மதியம், சாயங்காலம்னு மூணு வேளையும் பால்கனியில நிழல் எதுவரைக்கும் விழுதுன்னு கோடு போடுங்க. நர்சரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க...

‘நீங்க எங்க உக்காரப் போறீங்க?’