கியூவின் பாரம்

ரொறன்ரோவில் எங்கள் சனம் பில்லியட்ஸ் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அது விளையாட்டைப் பற்றிய கதையாக இருப்பதில்லை. பெடியளைப் பற்றிய கவலையாகத்தான் இருக்கும். "அவன் பில்லியட்ஸ் மேசையடியிலைதான் கிடக்கிறான்" என்று ஒரு தாய் பெருமூச்சுவிட்டால், கேட்பவருக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. கியூ என்கிற அந்தத் தடி, சண்டைக்குத் தூக்கும் பொருளாகவே பெற்றோரின் மனதில் பதிந்துபோயிற்று. அந்தக் கவலையில் நியாயமில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தடியை அதற்குரிய வேலைக்காகப் பிடித்தவர்களும் எங்களில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். றெஸ்ரோறன்ற் குசினியிலும் தொழிற்சாலையிலும் வேலை. அகதிக் கோரிக்கைக்கு முடிவு வரவேண்டும் என்று காத்திருந்த காலம். வேலை முடிந்து நள்ளிரவில் போய் இருப்பதற்கு வெளிச்சமும் சூடும் உள்ள இடமாக எங்களுக்குக் கிடைத்தது, பிளாஸா ஒன்றின் பின்பக்கத்தில் இருந்த பில்லியட்ஸ் மண்டபம். மணித்தியாலக் காசை ஐந்தாகப் பிரித்தால் ஒரு கோப்பியின் விலைதான் வரும்.

அந்த மண்டபத்துக்காரர் கிளிஃப் தோர்பேர்னின் கதையை ஓயாமல் சொல்வார். 1980இல் ஸ்நூக்கர் உலகப் பட்டம் வென்ற கனடாக்காரர் அவர். 1983 ஏப்ரலில் உலகப் போட்டியில் 147 புள்ளிகளையும் ஒரே மூச்சில் எடுத்த முதலாவது ஆளும் அவரே. அதே 1983இன் யூலை எங்களுக்கு வேறொரு கணக்கு. அதை அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. பதிலுக்கு வேறு இரண்டு கதைகளைச் சொன்னோம். ஸ்நூக்கர் 1875இல் ஜபல்பூரில் ஆங்கில இராணுவ அதிகாரிகளிடையே பிறந்து, 1880களில் விதிகளோடு உருப்பெற்றது தமிழ்நாட்டின் உதகமண்டலத்துக் கிளப்பில்தான் என்பது ஒன்று. கொழும்பைச் சேர்ந்த எம்.ஜே.எம். லாபிர் 1973இல் பம்பாயில் அமெச்சூர் பில்லியட்ஸ் உலகப் பட்டத்தை வென்றார் என்பது மற்றது. அன்றிலிருந்து அவர் எங்களைக் கொஞ்சம் மதிப்போடு பார்த்தார்.

மண்டபத்துச் சுவரில் வரிசையாக நிற்கும் கியூக்களின் அடியில் ஓர் எண் இருக்கும். 18, 19, 20, 21. அது அவுன்ஸ் கணக்கில் அதன் நிறை. புதிதாக வரும் பெடியள் 21ஐத்தான் எடுப்பார்கள், பாரம் கூடினால் அடி பலமாக விழும் என்று. ஆனால் கியூ எத்தனை அவுன்ஸ் என்பதைவிட அந்த அவுன்சுகள் எங்கே கிடக்கின்றன என்பதுதான் கைக்குத் தெரியும். ஊரில் மாங்காய் பறிக்கும் கொக்கைத்தடியை நினைத்துப் பாருங்கள். அது பெரிய பாரமில்லை. ஆனால் பாரம் முழுதும் கைக்கு அப்பால் நீண்டு கிடப்பதால் தோள் நோகும். உலக்கை அதைவிடப் பாரம். நடுவில் பிடிப்பதால் கை ஒத்துக்கொள்கிறது.

கியூவின் நீளம் வழக்கமாக 58 அங்குலம். அதை ஒரு விரலின்மேல் கிடத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைப் பார்த்தால் அதுதான் சமநிலைப் புள்ளி. அடியிலிருந்து 18, 19 அங்குலத்தில் அது பொதுவாக இருக்கும். பிடிக்கும் கை அதற்குச் சில அங்குலம் பின்னே இருக்கும். முன்பாரம் கூடிய கியூ, மேசையில் ஊன்றிய கைமேல் அசையாமல் படுக்கும். பின்பாரம் கூடினால் முனை இலேசாகி, அடிக்கும் நேரத்தில் மேலே கிளம்பப் பார்க்கும். கட்டையான ஆட்கள் இயல்பாகவே கொஞ்சம் முன்னால் பிடிப்பார்கள். கை சமநிலைப் புள்ளியை நெருங்குவதால் அவர்களுக்கு முனை இன்னும் இலேசாகத் தெரியும். ஒரே கியூ இரண்டு பேர் கையில் இரண்டு கியூவாக இருப்பது இதனால்தான்.

இதை நாங்கள் கணக்காகப் பார்க்க நேர்ந்தது எங்களில் ஒருவருக்காக. 1987இல் ஷெல் விழுந்தபோது அவருடைய வலக்கையில் சின்னி விரலும் மோதிர விரலும் போய்விட்டன. குசினியில் பாரமான சட்டிகளை இடக்கையால் தூக்கிச் சமாளித்துவிடுவார். கியூவை மட்டும் வலக்கையால்தான் பிடிப்பேன் என்று நின்றார். மூன்று விரலால் நழுவவிடாமல் பிடிக்க இறுக்கவேண்டியிருந்தது. இறுக்கிய கை கியூவைத் திருப்பிவிடும். பந்து நேரே போகாது.

மண்டபத்துக்காரர் தம்மிடம் இருந்த, இரண்டாகப் பிரிக்கக்கூடிய பழைய கியூ ஒன்றைக் கொண்டுவந்தார். 20 அவுன்ஸ். சமநிலைப் புள்ளி அடியிலிருந்து 18 அங்குலத்தில். அடியில் இருந்த றப்பரைக் கழற்றி, உள்ளே இருந்த 2 அவுன்ஸ் போல்ற்றைச் சுழற்றி எடுத்தார். அது அடியிலிருந்து 4 அங்குலத்தில் இருந்தது. இப்போது கியூ 18 அவுன்ஸ். சமநிலைப் புள்ளியோ ஒன்றரை அங்குலம் முன்னே போய் 19½இல் நின்றது. எங்களில் கணிதம் படித்தவர் ஒரு கடதாசிப் பையில் கணக்குப் போட்டார். அடியிலிருந்து 13 அங்குலத்தில் பிடித்து, 49 அங்குலத்தில் மற்றக் கையை ஊன்றினால், முன்பு பிடிக்கும் கையில் 17 அவுன்சுக்குச் சற்று மேல். இப்போது 15க்கும் குறைவு. கழற்றியது இரண்டு அவுன்ஸ், அந்தக் கைக்குக் குறைந்ததோ இரண்டரை. மிச்ச அரை அவுன்சை மற்றக் கை வாங்கிக்கொண்டது.

அவர் குனிந்து நாலைந்து தரம் அடித்துப் பார்த்தார். பிறகு, "இப்ப இறுக்கத் தேவையில்லை அண்ணை, அது தானாக் கிடக்குது" என்றார். அன்று விடியும்வரை அந்த மேசையை அவர் எங்களுக்குத் தரவில்லை.

முன்பாரம் நல்லது என்றால் முனையிலேயே பாரத்தை ஏற்றலாமே என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு விலை உண்டு. பந்தின் நடுவை விட்டுப் பக்கத்தில் அடித்துச் சுழற்சி கொடுக்கும்போது, பந்து குறிவைத்த கோட்டிலிருந்து மறுபக்கம் சிறிது விலகும். கியூவின் கடைசிச் சில அங்குலங்கள் பாரமாக இருந்தால் அந்த விலகல் கூடும். தொண்ணூறுகளில் பிரெடேட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் முனையின் பாரத்தைக் குறைத்த தண்டுகளைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். இப்போது காபன் நாரில் செய்கிறார்கள். ஆகவே முனை இலேசாகவும் நடுப்பகுதி பாரமாகவும் இருப்பது நல்லது. எவ்வளவு என்பதை அவரவர் கைதான் சொல்லவேண்டும்.

நண்பருக்கு இப்போது வளர்ந்த மகன் இருக்கிறான். அவன் விலைகூடிய கியூ ஒன்று வாங்கிவந்தபோது தாய் வழக்கம்போல முகத்தைச் சுளித்தார். தகப்பன் விலையைக் கேட்கவில்லை. அதை வாங்கித் தன் வலக்கையின் சுட்டுவிரலில் கிடத்தி, அது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.