ஏழு மணிக்கு மேல் பஸ் இல்லை

மார்ச் 20, 2020 – லாபு பக்கத்துத் தோட்டம்

கண் அறுவை முடிந்த அக்காவைப் பார்க்க வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். கொரோனாவால் புதன்கிழமை முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம் மூடியாயிற்று. செம்பனைக் குலைக்கு மட்டும் விடுமுறை கிடையாது. விடியலில் டிராக்டர் போகிறது, பின்னால் இந்தோனேசியத் தம்பிகளும் வங்காளதேசத் தம்பிகளும் போகிறார்கள். ஜூலையில் எனக்கு 60, பணி ஓய்வு. பயிற்றுநராகவும் விளையாட்டு அதிகாரியாகவும் இருந்த இத்தனை வருடத்தின் கடைசி மாதங்களைத் திடலில் கழிக்க நினைத்திருந்தேன்.

மார்ச் 25

தோக்கியோ ஒலிம்பிக் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. தாய்லாந்தில் நடக்கவேண்டிய ஆசியான் பல்கலைக்கழகப் போட்டி என்னாகுமோ. இரவு, விடுதியில் மாட்டிக்கொண்ட சரவாக் பெண் போன் செய்தாள். 400 மீட்டர் ஓடுகிறவள்.

"சார், மாடிப்படி ஏறி இறங்கலாமா?"

"வார்டனைக் கேட்டுட்டு ஏறும்மா. சாப்பிட்டியா?"

"பொட்டலம் வந்துச்சு சார்."

என்ன பொட்டலம் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். தூக்கம் வரவில்லை.

மார்ச் 29

மழை. யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 6

பக்கத்து லயத்துப் பெண், நான்காம் படிவம், வேலியோரம் வந்து நின்றாள். மாவட்ட அளவில் 1500 மீட்டர் ஓடியிருக்கிறாளாம்.

"அங்கிள், ஓடக் கூடாதுன்னு சொல்றாங்க. நடந்தா பிடிப்பாங்களா?"

திடல் பூட்டிக் கிடக்கிறது. நடையென்றதும் எனக்கு 1998 கோலாலம்பூர் நினைவு வந்தது. ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் வென்றதுதான் காமன்வெல்த் தடகளத்தில் மலேசியாவின் முதல் தங்கம். அவளுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. எனக்கு ஆறு வயதில், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வாங்கினார், எம். ராஜாமணி 400 மீட்டரில் வென்றார். அதற்கப்புறம் பல மாதம் இந்த லயத்துப் பையன்கள் எல்லோருமே ஜெகதீசன்தான். ராஜாமணியாக ஓடிய பெண்பிள்ளை ஒருத்தியும் நினைவில் இல்லை.

போட்டி நடையை வாசலிலேயே சொல்லிக்கொடுத்தேன். விதி இரண்டுதான். பார்க்கிற கண்ணுக்கு ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கவேண்டும். முன்கால் மண்ணைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர்கீழே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. அவளுக்கு முட்டி சரியாக வந்தது. இடுப்பு அசையும்போதுதான் வெட்கம் வந்து நின்றுவிட்டாள்.

ஏப்ரல் 7

அவள் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென எழுந்து, துணி காயப்போடும் கம்பைத் தோளில் வைத்தார். "ரெண்டு பக்கமும் ரப்பர் பால் வாளி இருக்குன்னு வச்சுக்க. சிந்தினா கிராணி நிறுக்கும்போது குறையும். அதனால தோள் ஆடக் கூடாது, இடுப்புதான் போகணும்." வாசலின் கோடிவரை போய்த் திரும்பினார். எண்பதை நெருங்கும் உடம்பு. தோள் விரற்கடைகூட அசையவில்லை. பேத்தி பின்னாலேயே போனாள். வெட்கம் போயிருந்தது.

நான் திருத்த ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கோயில் பூட்டு. அக்கா பாயசம் வைத்தாள்.

ஏப்ரல் 19

பழைய கூட்டக் குறிப்புகளைக் கணினியில் புரட்டிக்கொண்டிருந்தேன். ‘தோட்டத்துப் பெண்கள் பதின்மூன்று வயதோடு விளையாட்டை விட்டுவிடுகிறார்கள், பெற்றோருக்கு ஆர்வமில்லை.’ எத்தனை கூட்டத்தில் இதையே கேட்டிருக்கிறேன்! பயிற்சி முடிய ஆறரை. ஏழு மணிக்கு மேல் இந்தப் பக்கம் பஸ் இல்லை. பெரிய ரோட்டில் இறங்கினாலும் செம்பனைக்குள் இருட்டில் நடக்கவேண்டும். எந்த அப்பன் சம்மதிப்பான்? அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கால்பந்து அணி இருந்தது. ஞாயிறு ஆட்டத்துக்குத் தோட்ட லாரியே ஏற்றிக்கொண்டு போகும். அந்த லாரியில் பெண்கள் ஏறியதில்லை.

நான் போட்ட கையெழுத்துகளில் பதக்கச் சான்றிதழ்களைவிட பஸ் கோரிக்கைக் கடிதங்களைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ஓட்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பார்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு பெண்ணை வீட்டு வாசலில் இறக்கிவிட ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். இதைச் சொன்னால் ‘போக்குவரத்து விவகாரம்’ என்று அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

ஏப்ரல் 23

அக்காவுக்குப் பார்வை தெளிந்திருக்கிறது. என்னைப் பார்த்து, "கிழவனாயிட்டியேடா" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தோம்.

ஏப்ரல் 29

விடுதி மாணவர்களைக் கட்டங்கட்டமாக வீட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். பஸ் ஏற்பாடாம், போலீஸ் துணையாம். நாடே நின்றிருக்கும்போது பஸ் கிடைக்கிறது! சரவாக் பெண்ணின் முறை இன்னும் வரவில்லை.

மே 4

கட்டுப்பாடு தளர்ந்தது, இன்றிலிருந்து ஓடலாம். காலையில் பக்கத்து லயத்துப் பெண்ணிடம் கேட்டேன்: "ஓட்டமா, நடையா?"

"ரெண்டும் அங்கிள்."

பாரோய் ஓடுதளம் என்றைக்குத் திறக்குமோ. திறந்தால் வாரம் மூன்று மாலை போய்வர என்ன ஆகும் என்று பள்ளி வேன் ஓட்டும் தம்பியிடம் விசாரித்தேன். டீசலும் டோலும் கூட்டி ஒரு தொகை சொன்னான். ஓய்வூதியத்தில் முடியாத தொகையில்லை. ஆனால் ஒருத்திக்காக வேன் ஓடினால் ஊர் பேசும், குறைந்தது நாலு பெண்களாவது வேண்டும் என்றான். நியாயம்தான். மேல் லயத்தில் இரண்டு பேர் இருக்கிறார்களாம். அவர்கள் வீட்டில் யார் போய்ப் பேசுவது? இவளுடைய அப்பாவுக்கு இந்த வாரம் ஆலையில் இரவு வேலை, பகலில் தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கவேண்டும்.