தோலில் விழுந்த ஓட்டை ஆறாது!

துணியில் தையல் கோணினால் பெரிய விஷயமே இல்லை. பிரித்துவிட்டு, அந்த இடத்தை நகத்தால் நாலு தேய் தேய்த்து, தண்ணீர் தெளித்து அயர்ன் செய்தால் ஊசி போன தடமே தெரியாது. தோல் அப்படியில்லை. ஊசி இறங்கினால் இறங்கியதுதான். நூலைப் பிரித்தாலும் ஓட்டை அப்படியே நிற்கும். அதே கோட்டில் மறுபடி தைத்தால் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னோர் ஓட்டை விழுந்து, தபால்தலையின் ஓரம்போல கிழியத் தொடங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல் மெஷினில் உட்காரும் யாருக்கும் இது முதல் நாளே புரிந்துவிடும்.

ஆனால், தையல் ஏன் கெடுகிறது என்ற அடுத்த பாடம் பலருக்கும் கிடைப்பதில்லை. ஆம்பூரில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கும் ஒரு பெண்ணுக்கு அது கிடைக்க 11 வருடங்கள் ஆயின. ஜாப் ஒர்க் கொடுப்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் பெயர் வேண்டாம் என்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மெஷின் அக்கா'.

ஆம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பிரியாணி. உள்ளூர்க்காரர்களுக்கு ஷூ. காலை ஷிஃப்ட் நேரத்தில் கம்பெனி பஸ்களுக்காகக் காத்திருக்கும் பெண்களைப் பார்த்தாலே அது புரியும். மெஷின் அக்காவும் அப்படி டிபன் பாக்ஸோடு நின்றவர்தான். ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' தைக்கும் செக்‌ஷனில் 11 வருடங்கள். மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு வேலையை விட்டார். சீட்டு எடுத்த பணத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கி, முன்னறை ஜன்னலோரம் போட்டார். பர்ஸும் பெல்ட்டும் ஜாப் ஒர்க்காக வர ஆரம்பித்தன.

இந்த வேலையில் ஒரு கணக்கு உண்டு. தோலை வெட்டி, எண்ணித்தான் கொடுப்பார்கள். 40 பர்ஸ் என்றால் 40 செட். திரும்பப் போகும்போதும் 40 இருக்க வேண்டும். ஒன்று கெட்டால் அதன் கூலி போவதோடு நிற்காது, தோலுக்கான காசும் பிடிப்பார்கள். ஒரு பீஸ் கெட்டால் பல பீஸ் தைத்த கூலி காணாமல் போகும்.

அன்றைக்குக் காலையில் ஒரு லாட்டைத் தைக்க உட்கார்ந்தார். முதல் பர்ஸை மேலே பார்த்தால் தையல் முத்துக் கோத்ததுபோல இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் வளையம் வளையமாகக் கொப்பளித்திருக்கிறது. மேலே இருக்கும் டென்ஷன் திருகைக் கொஞ்சம் இறுக்கினார். மாற்றமில்லை. இன்னும் இறுக்கினார். இரண்டாவது பர்ஸும் அதே கதை. நூலை உருவி, முதலிலிருந்து கோத்துவிட்டு ஓட்டினார். இப்போது நாலு தையலுக்கு ஒருமுறை மேல்நூல் அறுந்தது. பாபின் கேஸின் குட்டித் திருகைத் தளர்த்திப் பார்த்தார். நூல் சிக்கி ஊசி இழுபட்டு, அடித்தட்டில் இடித்து வளைந்தது. ஊசியை மாற்றினார். அதற்குப்பின் தையலே சரியாக விழவில்லை. ஒன்று விழுந்தால் இரண்டு விடுபட்டது. மூன்று பர்ஸ் காலி.

"எனக்கு அழுகையே வந்துடுச்சு. நஷ்டத்தைவிட இன்னொண்ணுதான் வலிச்சுது. 11 வருஷம் மெஷின்ல உக்காந்திருக்கேன். அது ஏன் இப்படிப் பண்ணுதுன்னு எனக்கே தெரியலையே" என்கிறார்.

தெரியாமல் போனதற்கு அவர் காரணமில்லை. அவர் இருந்த லைனில் தைப்பவர் வேறு, மெஷினைத் திறப்பவர் வேறு. தையல் விடுபட்டால் கையைத் தூக்க வேண்டும். மெக்கானிக் வருவார், ஏதோ திருகுவார், போவார். என்ன செய்தார் என்று கேட்க நேரம் இருக்காது, டார்கெட் ஓடிக்கொண்டிருக்கும். திருகில் கை வைத்தால் திட்டும் விழும். கை அத்தனை வேகம் பழகிய ஒருவருக்கு, தன் மெஷினின் ஒரு திருகு எதற்காக இருக்கிறது என்று தெரியாமலே 11 வருடங்கள் ஓடிவிட்டன. இந்த ஏற்பாட்டில் கம்பெனிக்கு ஒரு சௌகரியம் இருக்கலாம். வீட்டில் தனியாக மெஷின் போட்டவருக்கு அது பெரிய பள்ளம்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் பழைய மெக்கானிக் பாயைத்தான் அவர் கூப்பிட்டனுப்பினார். வயது அறுபதுக்கு மேல். வந்தவர் திருகுளியை எடுக்கவே இல்லை. கெட்டுப்போன மூன்று பர்ஸையும் வாங்கி, மேலும் கீழும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மெஷினைப் பார்க்கிறதுக்கு முன்னாடி தையலைப் பார்த்தியா?"

"பார்த்தேனே பாய். அடியில கொப்பளிக்குது. அதான் பாபினைக் கழட்டிக் கழட்டிப் பார்க்கிறேன்."

"அங்கதான் தப்பு பண்றீங்க எல்லாரும். அடியில அசிங்கமா இருந்தா மேல பாரு. மேல அசிங்கமா இருந்தா அடியில பாரு."

கேட்க விடுகதைபோல இருந்தாலும் விஷயம் எளிது. தையல் மெஷின் போடுவது இரண்டு நூல்களின் பின்னல். ஊசியோடு மேலிருந்து ஒன்று வருகிறது. பாபினிலிருந்து கீழே ஒன்று. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கிய மெஷினிலிருந்து இன்று ஜன்னலோரம் ஓடும் மெஷின்வரை அடிப்படை இதுதான். இரண்டு நூலும் கயிறிழுக்கும் போட்டிபோல ஒன்றையொன்று இழுக்கின்றன. இரண்டும் சம பலத்தில் இழுத்தால் முடிச்சு தோலின் நடுவில் ஒளிந்துகொள்ளும். மேல்நூல் தளர்ந்தால் கீழ்நூல் ஜெயித்து, மேல்நூலை அடிப்பக்கம் இழுத்துவிடும். அடியில் கொப்பளித்தது கீழ்நூல் இல்லை, தளர்ந்துபோன மேல்நூல். மேலே முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் நேர்மாறு. மேல்நூல் அதிகமாக இறுகியிருக்கும், அல்லது பாபின் தளர்ந்திருக்கும்.

அப்படியென்றால் மேல் டென்ஷனை அவர் இறுக்கியது சரிதானே? பிறகு ஏன் மாறவில்லை?

"காலையில நூல் மாத்தினியா?" என்றார் பாய். மாற்றியிருந்தார். பழைய கோன் தீர்ந்து புதுசு போட்டிருந்தார். "மாத்தும்போது ஃபுட்டு மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?"

பதில் வரவில்லை. யார் அதையெல்லாம் கவனிக்கிறார்கள்!

தோலை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கினால், நூலைக் கவ்வும் இரண்டு டென்ஷன் தட்டுகளும் விரிந்துகொடுக்கும். கீழே இறக்கினால் மூடிக்கொள்ளும். ஃபுட் கீழே இருக்கும்போது நூல் கோத்தால், நூல் தட்டுகளுக்கு இடையில் போகாமல் ஓரத்தில் மிதக்கும். அந்த நிலையில் திருகை எவ்வளவு இறுக்கினாலும் அது வெறும் காற்றைத்தான் இறுக்கும். அடுத்தமுறை கோத்தபோது தற்செயலாக ஃபுட் மேலே இருந்தது. நூல் ஒழுங்காக உள்ளே போனது. அதற்குள் திருகு எக்கச்சக்கமாக இறுகியிருந்ததால் நூல் அறுந்தது. முதல் கோளாறுக்கு டென்ஷன் காரணமே இல்லை. அடுத்தடுத்த கோளாறெல்லாம் டென்ஷனைத் தொட்டதால் வந்தவை.

தையல் விடுபட்டது மட்டும் தனிக்கதை. வீட்டுத் தையல் மெஷினின் ஊசிக்குத் தலைப்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தப்பாகச் செருகும் வாய்ப்பு குறைவு. இந்த மாதிரி பெரிய மெஷின்களின் ஊசித்தலை உருண்டை. எப்படி வேண்டுமானாலும் செருகலாம், அதுதான் ஆபத்து. ஊசியில் நீளமான பள்ளம் நூல் நுழைகிற பக்கமும், காதுக்கு மேலே சுரண்டியதுபோல இருக்கும் குழி, சுற்றும் கொக்கியின் பக்கமும் இருக்க வேண்டும். ஊசி அடிவரை போய் 2 மில்லிமீட்டர் சொச்சம் மேலேறும்போது நூல் ஒரு குட்டி வளையமாகப் பிதுங்கும். அந்த நொடியில் கொக்கியின் முனை வந்து வளையத்தைப் பிடிக்க வேண்டும். ஊசி கொஞ்சம் திரும்பியிருந்தாலும் வளையம் வேறு பக்கம் பார்க்கும். கொக்கி வெறுங்கையோடு போகும். பதற்றத்தில் ஊசி மாற்றிய அக்கா, அதைக் கொஞ்சம் திருப்பிச் செருகியிருந்தார்.

ஊசியைப் பற்றி பாய் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். துணி ஊசியின் முனை உருண்டையாக, இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தோலில் விலக்க இழை ஏது? அதனால் தோல் ஊசியின் முனை சின்னக் கத்திபோல வெட்டும். வெட்டு சாய்வாக விழும் முனை, நேராக விழும் முனை, முக்கோண முனை என்று அதிலேயே வகைகள். ஊசி பாக்கெட்டில் 100/16, 110/18 என்று இருக்கும் எண்களைக் கடைக்காரர் சொல்வதை வைத்து வாங்குவதோடு பலரும் விட்டுவிடுகிறோம். 100 என்றால் ஊசியின் தடிமன் 1 மில்லிமீட்டர். 110 என்றால் 1.1. நூல் கோனில் இருக்கும் எண்ணோ தலைகீழ். 20-ம் நம்பர் நூல் 40-ம் நம்பரைவிடத் தடிமன். இந்தக் குழப்பத்திலேயே எத்தனையோ நூல் அறுந்திருக்கும்!

ஊசியும் நூலும் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மெஷினுக்கு வெளியே ஊசியில் ஓர் அடி நூலைக் கோத்து, இரண்டு கையாலும் நூலைச் சாய்வாக, விறைப்பாகப் பிடிக்க வேண்டும். ஊசி தன் எடையிலேயே வழுக்கி இறங்கினால் சரி. சிக்கி நின்றால் ஊசி சிறிது. அந்தக் காதுக்குள் நூல் உரசி உரசிப் பஞ்சாகி அறுந்துவிடும்.

அறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. வேகமாக ஓட்டினால் ஊசி சூடாகும், நைலான் நூல் இளகும். நூலில் சிலிக்கான் எண்ணெய் தடவி ஓட்டினால் அது குறையும். மடித்து ஒட்டிய ஓரத்தின் சொல்யூஷன் காய்வதற்குள் தைத்தால், பசை ஊசியில் படிந்து நூலை இழுக்கும். பாபின் கேஸின் தகட்டுக்கு அடியில் ஒரு துளி நூல் பிசிறு மாட்டினால் போதும், கீழ்நூல் தளர்ந்துவிடும். பழைய விசிட்டிங் கார்டின் ஓரத்தை உள்ளேவிட்டு இழுத்தாலே அந்தப் பிசிறு வந்துவிடும். தையலின் நீளமும் முக்கியம். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்பது துணிக்கணக்கு. பர்ஸுக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறைத்துத் தைப்பதில்லை அக்கா.

இதையெல்லாம் ஒரே நாளில் பாய் சொல்லிவிடவில்லை. அன்று அவர் சொன்னது இரண்டுதான். ஒன்று, எதைத் தொடுவதற்கு முன்னாலும் நூலை உருவிவிட்டு, ஃபுட்டைத் தூக்கி, முதலிலிருந்து கோத்து, புது ஊசி போட்டு ஓட்டிப் பார்ப்பது. பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகு, அதுவும் கால் சுற்று. இரண்டை ஒன்றாகத் திருப்பினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று சாமிக்குக்கூடத் தெரியாது.

அக்கா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். மகளின் நெயில் பாலிஷை எடுத்து, நன்றாக ஓடும் நிலையில் இரண்டு திருகுகளின் தலையிலும் ஒரு கோடு இழுத்தார். எவ்வளவு திருகினாலும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம்.

இப்போது ஒவ்வொரு லாட் வந்ததும் அதே தோலின் கழிவுத் துண்டில்தான் முதல் தையல். வேறு தோல் துண்டு உதவாது, தடிமன் மாறினால் முடிச்சு இடம் மாறும். மேலே சிவப்பு நூல், பாபினில் கறுப்பு நூல். அடியில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல்நூல் தளர்வு, மேலே கறுப்பு தெரிந்தால் இறுக்கம். கண்ணாடி போடாமலே தெரிந்துவிடும். சரியாக வந்த துண்டின் பின்னால் ஊசி நம்பர், நூல் நம்பர், தையல் நீளம் எல்லாவற்றையும் பால் பாயின்ட் பேனாவால் எழுதி, மளிகைக்கடை பில் குத்தும் கம்பியில் குத்தி வைக்கிறார். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், லைனிங் வைத்தது, வைக்காதது என்று கம்பி கழுத்துவரை நிறைந்துவிட்டது.

கெட்டுப்போன மூன்று பர்ஸுக்கும் காசு பிடித்தார்கள். அதில் ஒன்றும் மாற்றமில்லை. அந்தத் தோலின் தையல் கோட்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில் மகளுக்குச் சில்லறை வைக்கும் பை இரண்டு தைத்துக் கொடுத்தார்.

தெருவில் இன்னும் நாலைந்து வீடுகளில் மெஷின் இருக்கிறது. தையல் கெட்டால் அவர்கள் முதலில் போன் போடுவது இப்போது அக்காவுக்குத்தான். எடுத்தவுடனே "நூல் மாத்தும்போது ஃபுட்டைத் தூக்கினியாடி?" என்றுதான் கேட்பார். பல சமயம் போன் அங்கேயே கட் ஆகிவிடும். "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டம்மா" என்று பாய் கிண்டலடிப்பார். கொக்கியின் டைமிங் மாறினால் மட்டும் அக்கா தொடுவதில்லை. கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, கொக்கி ஊசியைத் தாண்டிய பிறகு வருகிறதா என்று உறுதிசெய்துகொண்டு பாயைக் கூப்பிடுகிறார்.

போன வாரம் டைமிங் சரிசெய்ய வந்த பாய், வழக்கம்போல குனிந்து தனியாக வேலையை ஆரம்பிக்கப் போனார். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மெதுவாப் பண்ணுங்க பாய். எந்த ஸ்க்ரூன்னு பார்க்கணும்."