பட்டும் கம்பளியும்: டொரொண்டோவுக்கு ஒரு பெட்டி

டொரொண்டோ தமிழ் வீடுகளில் டிசம்பர் கடைசி வாரம் தொடங்கிவிட்டால் விசேஷங்களுக்குக் குறைவே இல்லை. கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை, அடுத்த வாரம் புத்தாண்டு, அதன்பின் தைப்பொங்கல். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்டாரியோ மாகாணம் 2014இல் சட்டமாக்கியது. 2016இல் கனடா நாடாளுமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆகவே பொங்கல் முடிந்த பிறகும் மண்டபங்களில் நாட்டியமும் இசையும் விருந்தும் தொடர்கின்றன. பனி கொட்டும் காலத்தில்தான் இத்தனையும் நடக்கிறது.

என் தங்கை யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு ஸ்காபரோவில் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து, பொங்கலையும் முடித்துக்கொண்டு போகச் சொன்னாள். சென்னையில் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “சேலையெல்லாம் எதுக்கு? ஸ்வெட்டரை எடுத்துக்கோ.” எனக்கு மனம் ஒப்பவில்லை. தங்கை வீட்டுப் பொங்கலில் பட்டு உடுத்தாமல் நிற்பதா? பட்டையும் எடுத்தேன், கம்பளியையும் எடுத்தேன். விசேஷ உடுப்புக்கு ஒரு கணக்கு, குளிர் உடுப்புக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போடக் கூடாது என்பது அந்தப் பயணம் எனக்குத் தந்த பாடம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தத்தான் போகிறோம். அடுக்கும்போதே சேர்த்து யோசித்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

முதலில் குளிரைப் புரிந்துகொள்ள வேண்டும். டொரொண்டோவின் ஜனவரி இரவுகளில் மைனஸ் 7, 8 டிகிரி சாதாரணம். குளிரலை இறங்கும் நாட்களில் மைனஸ் 20ஐத் தொடும். அதற்குமேல் உடம்பை வாட்டுவது காற்று. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த முகத்துக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். அதனால்தான் அங்கே வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு காற்றுக் குளிரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கதவைத் திறந்து வீட்டுக்குள் வந்தாலோ 20, 21 டிகிரி. காரிலும் கடையிலும் மண்டபத்திலும் அதே கதகதப்பு. ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்பிப் போகிறவர் வெளியே நடுங்குவார், உள்ளே வியர்த்துப்போவார். சட்டென்று கழற்றவும் போடவும் வசதியான மெல்லிய அடுக்குகளே வேண்டும்.

உடம்போடு ஒட்டிய அடுக்கில் பருத்தி கூடாது. நம் ஊர் வெயிலில் பருத்தி வியர்வையை உறிஞ்சி, அந்த ஈரத்தாலேயே உடம்பைக் குளிர்விக்கிறது. பனியில் அந்தக் குணமே பகையாகிவிடும். மெரினோ கம்பளியில் நெய்த உள்ளுடை விலை கூடுதல்தான்; ஆனால் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கியும் தோலுக்கு ஈரம் தெரியாது. எளிதில் வாடை பிடிக்காது என்பதால் இரண்டு மூன்று இருந்தால் போதும், பெட்டியில் இடம் மிஞ்சும். விலை கட்டுப்படியாகாதவர்கள் பாலியஸ்டர் கலந்த தெர்மல் எடுக்கலாம். நடு அடுக்குக்கு நம் ஊர் வீதியோரத்தில் திபெத்தியர்கள் குளிர்காலத்தில் விற்கும் ஸ்வெட்டரே போதும். காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் வேலை மேலே போடும் ஜாக்கெட்டுடையது.

அந்த ஜாக்கெட்டைச் சென்னையில் வாங்காதீர்கள். டொரொண்டோவில் குளிர்காலத்தைக் கழித்த எந்த வீட்டிலும் கூடுதலாக ஒன்றிரண்டு தொங்கும். டொரொண்டோ விமான நிலையத்தில் வரவேற்க வந்து நிற்கும் நம்மவர்களைப் பாருங்கள். பலர் கையில் பூங்கொத்துக்குப் பதிலாக ஜாக்கெட் இருக்கும். என் தங்கையும் முழங்கால்வரை வரும் ஒன்றைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். ஓடி வந்து கட்டிக்கொள்வதற்கு முன்னால் அதை என் தோளில் போட்டாள். ஆனாலும் கைப்பையில் ஒரு ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, கையுறை, தடித்த காலுறை கட்டாயம் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து போகிறவர்கள் வழியில் விமானம் மாறித்தான் ஆக வேண்டும். பெரிய பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தால்கூட, கைப்பையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம்.

இனி பட்டு. ஆறு கஜச் சேலை குளிருக்கு ஆகாது என்பவர்கள் அதை உடுத்தியவர்கள் அல்ல. பட்டும் கம்பளியைப் போலப் புரத இழைதான். வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. கொசுவத்தின் மடிப்புகளுக்கிடையே காற்று தங்குவதால் கால்களுக்கு அதுவே நல்ல காப்பு. குளிர் நுழையும் இடங்கள் இடுப்பு, கை, பாதம் மூன்றும்தான். கழுத்து ஏறிய முழுக்கை வெல்வெட் ரவிக்கை ஒன்று தைத்துக்கொண்டேன். அதற்கு உள்ளே தோல் நிறத் தெர்மல், பாவாடைக்கு உள்ளே கம்பளி லெக்கிங்ஸ். உள்பாவாடை மட்டும் பருத்தியில் இருக்கட்டும். சூடேற்றிய வீடுகளில் காற்று வறண்டு கிடக்கும். செயற்கை இழைப் பாவாடையில் நிலைமின்சாரம் ஏறி, சேலை காலோடு ஒட்டிச் சுருண்டுவிடும்.

பட்டைப் பெட்டியில் வைக்கும்போது வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பழைய மடிப்பை மாற்றி மடித்து, எல்லாவற்றுக்கும் மேலாக வைக்க வேண்டும். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகள் ஸ்வெட்டருக்கு உதவும், பட்டுக்கு வேண்டாம். அந்தப் பைகளால் இடம்தான் குறையும், எடை குறையாது. பெட்டிக்கு 23 கிலோ என்ற வரம்பு அப்படியேதான் இருக்கும்.

பட்டுக்கு உண்மையான எதிரி சாலையில் கிடக்கிறது. பனி உருக அங்கே தெருவெல்லாம் உப்பைத் தூவுகிறார்கள். உருகிய பனியும் உப்பும் அழுக்கும் சேர்ந்த கலங்கல் நீர் சேலைக் கரையில் பட்டால் வெள்ளைத் தடம் விழும். தோல் செருப்பும் பாழாகும். முதல் நாள் நான் வாசலில் காலணி தேடுவதைப் பார்த்து தங்கையின் மாமியார் சொன்னார்: “பிள்ளை, குளிருக்குப் பயப்பிடாதையுங்கோ. காலுக்குள்ள ஈரம் போகாமப் பாத்தாக் காணும்.” மாலை நிகழ்ச்சிகளுக்குப் போகும் பெண்கள் எல்லோரும் அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பின் குத்திக்கொண்டு, பூட்ஸ் போட்டு நடக்கிறார்கள். மண்டப வாசலில் ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டி, பையிலிருந்து விசேஷச் செருப்பை எடுத்து மாற்றி, பின்னை எடுத்துவிட்டுக் கொசுவத்தை நீவினால் அலங்காரம் முழுமை. பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருப்பது நல்லது. தடித்த காலுறையோடு இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிடும்.

அந்த நாட்களில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொன்றைக் கேட்டது. நள்ளிரவுப் பூசைக்குத் தேவாலயத்துக்குள் போனதும் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். தோளில் ஒரு கம்பளிச் சால்வை போதுமானதாக இருந்தது. நயாகராவில் நிலைமை வேறு. அருவியின் சாரல் கம்பியிலும் மரக்கிளையிலும் பட்டு உறைந்து கண்ணாடியாக நிற்கிறது. உடுப்பில் பட்டாலும் உறையும் என்பதால் நீர் புகாத ஜாக்கெட் இல்லாமல் அருகே போகக் கூடாது. ஐந்து விரலும் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரல்களும் ஒன்றாக இருக்கும் கையுறை அங்கே கூடுதல் சூடு தருகிறது. ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் காலணியைக் கழற்றியாக வேண்டும். அங்கே வீடுகளிலும் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிடுவார்கள். ஆகவே நல்ல கம்பளிக் காலுறைகளைத் தாராளமாக எடுத்துப் போகலாம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரில் குழந்தை இருக்கையில் உட்கார வைக்கும்போது பஞ்சு அடைத்த தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். மோதல் நேர்ந்தால் அந்தப் பஞ்சு அமுங்கி, இருக்கைப் பட்டை தளர்ந்துபோகும். மெல்லிய ஸ்வெட்டரோடு பட்டையை இறுக்கி, மேலே போர்வை போடுவதே பாதுகாப்பு. ஆண்களுக்கும் கவலை வேண்டாம்: வேட்டிக்குள் போடும் நீளத் தெர்மல் வெளியே தெரிவதே இல்லை.

பொங்கலன்று சூரியன் உதிக்க ஏழே முக்கால் தாண்டிவிட்டது. வீட்டின் கார்க் கொட்டகைக் கதவை முழுக்கத் திறந்து வைத்து, வாசலில் கோலமிட்டு, கேஸ் அடுப்பில் பானை ஏற்றினார்கள். இருபுறமும் இடுப்பளவு பனி ஒதுக்கிக் கிடந்தது. அடுப்பருகே போகிறவர்கள் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுச் சால்வை போர்த்திக்கொண்டார்கள். நைலான் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பட்டும் கம்பளியும் எளிதில் பற்றாது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் தங்கை பால் ஊற்றினாள். பானை பொங்கியபோது பட்டுச் சேலையோடு நானும் அவர்கள் நடுவில் நின்றேன். குளிர் இருந்தது, ஆனால் உள்ளே ஓடிவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

குளிர் நாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கோ உடன்பிறந்தோர் வீட்டுக்கோ விசேஷத்துக்குப் போகிறவர்களே, நல்ல உடுப்பைப் பீரோவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர்கள் நம்மை வரச்சொல்வது ஊரின் திருநாளை நம்மோடு கொண்டாடத்தான். முதலில் பட்டையும் வேட்டியையும் எடுத்து வையுங்கள். பிறகு அதற்கு உள்ளே என்ன, மேலே என்ன, காலில் என்ன என்று கேட்டு ஒவ்வொன்றாக அடுக்குங்கள். மற்றதெல்லாம் அங்கே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.