கேட்டில் நின்ற மாணவி

பள்ளி மாணவி ஒருத்தியை அவள் சம்மதமில்லாமல் படமெடுத்தேன். முகம் தெரியும்படியே அதைச் சமூக வலைத்தளத்தில் போட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, தெரிந்தேதான் செய்தேன்.

ஜப்பானில் ஃபுஜிசாவாவுக்கும் கமகுராவுக்கும் இடையே எனோடென் என்று ஒரு ரயில் ஓடுகிறது. 10 கிலோமீட்டர் தூரம், ஒற்றைத் தண்டவாளம். அந்த வழியில் கமகுரா கோகோமாயே என்ற குட்டி ஸ்டேஷனையொட்டி ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. சரிந்து இறங்கும் தெரு, குறுக்கே தண்டவாளம், அதைத் தாண்டினால் சாலை, அப்புறம் சகாமி விரிகுடா. 1993 முதல் 1996 வரை ஒளிபரப்பான ‘ஸ்லாம் டங்க்’ என்ற கூடைப்பந்து அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரின் தொடக்கப் பாடலில் நாயகன் சகுராகி ஹனமிச்சி இங்கேதான் நிற்பான். ரயில் கடந்துபோகும். எதிர்ப்புறம் அவன் விரும்பும் ஹருகோ பள்ளிச் சீருடையில் கையசைப்பாள். கூடைப்பந்தையே தொட்டிராத என்னைப் போன்றவர்களையும் கட்டிப்போட்ட தொடர் அது. அனிமேயில் பார்த்த இடங்களைத் தேடிப் போவதைப் புனித யாத்திரை என்றே ரசிகர்கள் சொல்கிறார்கள். அந்த மனநிலையில்தான் நானும் போனேன்.

கேட்டில் ஏகக் கூட்டம். சாலையில் இறங்க வேண்டாம் என்று காவலர் ஒருவர் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து இறங்கினேன். ரயிலும் கடலும் கச்சிதமாக விழுந்த படம் ஒன்று கிடைத்தது. மனசு அடங்கவில்லை. காட்சியில் இருந்த சீருடை என் படத்திலும் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மேட்டில் இருப்பது நிஜமான பள்ளி. ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தப் பள்ளியால்தான். பள்ளி விடும்வரை காத்திருந்தேன். பிள்ளைகள் இரண்டு மூன்று பேராக இறங்கி வந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் பலர் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நடந்தார்கள். தனியாக வந்த ஒருத்தி கேட் திறப்பதற்காக நின்றாள். என் கேமராவைப் பார்த்தாள். தோளில் கிடந்த பையைச் சட்டென்று உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். மறைப்பதற்கு முன் ஒரு படம், மறைத்த பின் ஒரு படம் விழுந்திருந்தது. வேண்டாம் என்கிறாள் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. முதல் படத்தைத்தான் போட்டேன்.

லைக்குகள் குவிந்தன. கூட வேலை பார்க்கும் ஜப்பானியப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, “இந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா?” என்றார். கேட்டேன் என்று பொய் சொன்னேன். அன்றிரவே நீக்கியிருக்க வேண்டும். பாராட்டை இழக்க மனமில்லாமல் மேலும் சில நாள் விட்டுவைத்தேன். அதற்குள் அது யார் யார் போனுக்குப் போனதோ, இனி அதைத் திரும்ப வாங்க முடியாது.

இப்படிப்பட்ட இடங்களில் படமெடுக்கும் விதி தெரியாதவன் என்றும் சொல்லிக்கொள்ள வழியில்லை. ‘கே-ஆன்!’ அனிமே தொடரில் வரும் பள்ளிக்கு முன்மாதிரியான டொயொசாதோவின் பழைய பள்ளிக் கட்டடம் 1937-இல் கட்டப்பட்டது. இப்போது அங்கே வகுப்புகள் கிடையாது, தாராளமாகச் சுற்றிப் பார்க்கலாம். ‘யுவர் நேம்’ (2016) அனிமே படத்தில் வரும் ஹிதா நகர நூலகம் அப்படியல்ல, அங்கே ஆட்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். கவுன்டரில் சொல்லிவிட்டு, யார் முகமும் விழாமல் எடுக்க வேண்டும். கமகுராவுக்கு முன்பே அங்கே போயிருக்கிறேன், சொன்னபடியே எடுத்தேன். நூலகருக்குக் காட்டிய மரியாதையை, தனியாக நின்ற ஒரு சின்னப் பெண்ணுக்குக் காட்டவில்லை. அவள் என்னை எதுவும் செய்துவிட முடியாது என்பதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

கமகுராவுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடலை எடுங்கள், ரயிலை எடுங்கள். சாலையில் இறங்காதீர்கள். பள்ளி விடும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்படியும் பிள்ளைகள் வந்துவிட்டால், அவர்கள் கடந்துபோகும்வரை கேமராவைக் கீழே இறக்குங்கள். கால் மணி நேரத்துக்குள் அடுத்த ரயில் வந்துவிடும்.