படிக்கு ஒரு பாட்டு

சபா மேடையும் இசை நிறுவனமும் துணை நில்லாத இளம் பாடகர்கள், யூடியூபும் முகநூலும் இன்றிக் கேட்போரைப் பெற இயலுமா? எங்கள் ஆம்பூர்த் தெருவில் ஒரு பெண் கிருத்திகைதோறும் முருகன் சந்நிதியில் திருப்புகழ் பாடுகிறாள். முப்பது பேர் கேட்டு மகிழ்கிறார்கள். கைபேசியில் ஏற்றிய பாடல்களையோ பத்துப் பேர்கூடக் கேட்கவில்லை. "இனி எதற்குப் பாட்டு, பெரியப்பா?" என்றாள். காட்பாடி வட்டத்து வள்ளிமலையே அடியேனுக்கு நினைவில் எழுந்தது.

மைசூர் அரண்மனையில் சமையற்பணி புரிந்த ஒருவர், துறவு பூண்டு, சேஷாத்ரி சுவாமிகளின் ஆணைப்படி அம்மலையை அடைந்தார். அவரே 1950-இல் சித்தியடைந்த வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டில் மக்கள் வெள்ளைக்கார துரைகளைக் கண்டு வணங்கச் சென்ற காலம் அது. துரைகளுக்கெல்லாம் துரையான தணிகேசனை முதலில் காண்போம் என்று அன்பர்களை அழைத்துத் திருத்தணியில் படித்திருவிழாவைத் தொடங்கினார். 365 படிகள், படிக்கு ஒரு திருப்புகழ். கேட்க வந்தோர் மலையேறி முடிப்பதற்குள் உடன் பாடுவோர் ஆயினர்.

அவருக்கும் ஒரு சாதனம் முன்னரே அமைந்திருந்தது. 1871-இல் சிதம்பரத்தில் ஒரு வழக்கின்பொருட்டுத் தீட்சிதர்கள் எடுத்துக்காட்டிய திருப்புகழில் உள்ளம் பறிகொடுத்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை, சுவடிகளைத் தேடித் திரட்டி, 1894-லும் 1901-லும் இரு பாகங்களாக அச்சிட்டார். அந்த அச்சு இல்லையேல் படிக்கு ஒரு பாட்டு எளிதில் கிடைத்திராது.

ஆகவே, கைபேசியை வெறுப்பதற்கில்லை. முழங்கால் வலியால் மலையேற இயலாத நம் போன்றோருக்கும், விடியலில் காலணித் தொழிற்சாலைக்குப் பேருந்தில் செல்லும் பெண்களுக்கும் அது பாட்டைக் கொண்டு சேர்க்கிறது. ஆயினும், அச்சு பாட்டைச் சுமந்தது; அன்பரைச் சேர்த்தது படி. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கைபேசி கணக்குக் காட்டும். எவர் உள்ளம் உருகிற்று என்று காட்டாது.

பாடும் பிள்ளைகள் கிருத்திகையை விடலாகாது. சந்தம் புலப்படுமாறு நிதானமாகப் பாடி, பாடலடிகளையும் எழுதி ஏற்றட்டும். அடுத்துப் பாடும் நாளையும் கோயிலையும் அதிலேயே குறிக்கட்டும். கைபேசி அழைப்போலையாக இருக்கட்டும். சந்நிதியே அவையாக இருக்கட்டும்.

அன்பர்களே, நமக்கும் இதில் பங்குண்டு. உங்கள் ஊர்க் கோயிலில் ஒரு குழந்தை பாடினால், தீபாராதனை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். அமர்ந்து ஓரடியேனும் உடன் பாடுங்கள். அடுத்த கிருத்திகைக்குப் பேரனையும் பேத்தியையும் அழைத்து வாருங்கள். வள்ளிமலை சுவாமிகள் கூட்டம் சேர்த்தது அவ்வாறே.